பழைய ரீப்பர் வயரிங் வீட்ல டியூப்லைட் பட்டி ஷாக் அடிக்குது, லைட்டுக்கு எர்த் வேணுமா?

கேள்வி இதுதான். கும்பகோணம் பக்கம் 1974ல கட்டின வீடு, ஓட்டுக் கூரை, சுவத்து மேல தேக்கு ரீப்பர் அடிச்சு கிளிப் வெச்சு ஓட்டின வயரிங். அம்மா மட்டும் அங்க தனியா இருக்காங்க. போன வாரம் சமையக்கட்டு டியூப்லைட் பட்டியை ஈரத் துணியால துடைக்கப் போய் கை சுர்ருன்னு இழுத்திருக்கு. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "லைட்டுக்கெல்லாம் யாருங்க எர்த் போடுறா, வேணும்னா போர்டுலயே நியூட்ரல்ல இருந்து ஒரு பிட்டு எடுத்து எர்த் குடுத்துடறேன்"னு சொல்லியிருக்கார். அது சரியா, முழு வயரிங்கையும் மாத்தணுமா, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு மகன் கேட்டிருக்கார்.

தம்பி, மீதியெல்லாம் அப்புறம் படிங்க, மொதல்ல அம்மாவுக்கு போன் போட்டு அந்த சமையக்கட்டு லைட்டைப் போட வேணாம்னு சொல்லுங்க. சுவிட்சை அணைச்சுட்டா பயம் இல்லைன்னு நெனைக்காதீங்க, பழைய வயரிங்ல அது நிச்சயம் கிடையாது, ஏன்னு கீழ சொல்றேன். அந்தப் பட்டி மேல கை, ஈரத் துணி, ஒட்டடைக் கம்போட இரும்பு முனை எதுவும் படக் கூடாது. ரெண்டாவது, அந்த நியூட்ரல் பிட்டு யோசனைக்கு எக்காரணம் கொண்டும் சரின்னு சொல்லிடாதீங்க. நான் பழைய வீடுகள்ல வயரிங் வேலை பார்க்க ஆரம்பிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆகுது, எர்த்தே இல்லாத வீட்டைக் காட்டிலும் இந்தப் பிட்டு போட்ட வீடுதான் எனக்கு அதிகம் பயம் குடுத்திருக்கு.

காரணம் சொல்றேன். நியூட்ரல்ங்கிறது கரண்ட் திரும்பிப் போற வழி, பேஸ்ல வந்தது லைட்டு, பேன் எல்லாத்தையும் ஓட்டிட்டு நியூட்ரல் வழியா போஸ்ட்டுக்குப் போயிடும். எர்த் வயர்ல சாதாரண நேரத்துல கரண்ட்டே ஓடாது. ரெண்டையும் போர்டுக்குள்ள சேர்த்துட்டா எல்லாம் ஒழுங்கா இருக்கிற வரைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஷாக்கும் நின்னுடும், அதனாலதான் செஞ்சவரும் நல்லது பண்ணிட்டோம்னு நம்பிட்டுப் போறார். நியூட்ரல் விட்டுப்போற அன்னிக்குத்தான் விஷயம் தெரியும். போஸ்ட்டுல ஜாயிண்ட் கருகலாம், ஆடிக் காத்துல சர்வீஸ் வயர் ஆடி ஆடி உள்ள கம்பி அறுந்திருக்கலாம். அப்ப ஓடிட்டிருக்கிற ஏதோ ஒரு பேன் வழியா வந்த கரண்ட், மேல போக வழி இல்லாம வீட்டு நியூட்ரல் முழுக்க 230 வோல்ட்டா நிக்கும், அதோட உங்க எர்த்தும் சேர்ந்திருந்தா பிரிட்ஜ் கதவு, கிரைண்டர் டிரம், டியூப்லைட் பட்டி எல்லாத்துலயும் அதே 230. லைட்டெல்லாம் அணைஞ்சு கிடக்கிறதால கரண்ட் போயிடுச்சுன்னு நெனச்சு அம்மா இருட்டுல எதை எதையோ பிடிச்சுக்கிட்டு நடப்பாங்க.

ஒரு வீட்ல இதை நேர்லயே பார்த்தேன். கிரைண்டர் தொட்டா அடிக்குது, ஆனா வீட்ல கரண்ட்டே இல்லைன்னு கூப்பிட்டாங்க. போர்டைக் கழட்டினா, மூணு பின் சாக்கெட்டுக்குப் பின்னாடி மேல இருக்கிற பெரிய எர்த் பின்னோட ஸ்க்ரூல இருந்து கீழ நியூட்ரல் பின்னோட ஸ்க்ரூவுக்கு ஒரு விரல் நீளத்துக்கு சிவப்பு வயர் பிட்டு, இன்சுலேஷன் ரெண்டு முனையிலயும் சுருண்டு உள்ள செம்பு பச்சை பூத்துக் கிடக்கு. அடுத்து மெயின் போர்டு, கறுப்பு இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச், உள்ள ரெண்டு பீஸ் கட்டை, ஒண்ணு பேஸ்ல, இன்னொண்ணு நியூட்ரல்ல. நியூட்ரல் பீஸ் போயிருக்கு, பேஸ் பீஸ் அப்படியே இருக்கு. அதனால லைட்டு எரியல, ஆனா அந்தச் சின்னப் பிட்டு வழியா கிரைண்டர் பூரா கரண்ட். அந்த வீட்டு அக்கா ரப்பர் செருப்பு போட்டிருந்ததால கை உதறினதோட போச்சு. நியூட்ரல்ல தனியா பீஸ் வைக்கக் கூடாதுன்னு 1956 இந்திய மின்சார விதிகளிலேயே இருந்துது, ஆனாலும் பழைய மெயின்கள்ல இந்த ரெட்டைப் பீஸ் இன்னமும் கிடக்கு. உங்க வீட்ல இருந்தா அந்த மெயினையே மொதல்ல மாத்துங்க.

சில நாட்டுல சப்ளை குடுக்கிறவங்களே மீட்டர் பக்கத்துல நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் குடுப்பாங்க, அதைக் காட்டி இதை நியாயப்படுத்துறவங்க உண்டு. அங்க வழி நெடுக நியூட்ரலைப் பல இடத்துல பூமியோட கட்டி வெச்சிருப்பாங்க, அந்த ஏற்பாட்டுக்கு சப்ளை பண்றவங்க பொறுப்பு. நம்ம ஊர்ல பெரும்பாலும் எர்த் பைப்பு வீட்டுக்காரங்களோடது, போர்டுக்குள்ள நாமளா சேர்க்கிறது வேற விஷயம்.

சரி, லைட்டுக்கு ஏன் அந்தக் காலத்துல எர்த் போடல? அன்னிக்கு லைட்டுன்னா குண்டு பல்பு, கறுப்பு பேக்கலைட் ஹோல்டர், கைக்கு எட்டாத உயரம், தொடுற மாதிரி உலோகமே கிடையாது. பேஸ், நியூட்ரல்னு ரெண்டே வயர், எர்த் 15 ஆம்பியர் பவர் பிளக்குக்கு மட்டும். நம்ம வயரிங் பழக்கம் இங்கிலாந்துல இருந்து வந்தது, அங்கயே லைட் பாயிண்ட்டுக்கெல்லாம் எர்த் கொண்டுபோகணும்னு ஆனது 1966ல வந்த அவங்க வயரிங் விதிகளோட 14ஆம் பதிப்புலதான். அப்புறம் நம்ம வீடுகள்ல அதே ரெண்டு வயர்ல தகரப் பட்டி டியூப்லைட், பித்தளை ஹோல்டர், அலங்கார விளக்குன்னு ஒவ்வொண்ணா மாட்டினோம், வயரிங் மட்டும் அப்படியே நின்னுடுச்சு. பழைய பட்டிக்குள்ள இருக்கிற சோக்குங்கிறது இரும்புத் தகடு மேல சுத்தின செம்புக் கம்பி, வருஷக்கணக்கா சூடாகி ஆறி அந்த வார்னிஷ் உதிர்ந்தா கம்பியில இருந்து கரண்ட் இரும்புக்கும் அதுல இருந்து பட்டிக்கும் இறங்கும். இல்லைன்னா பட்டியோட ஓட்டை விளிம்புல வயர் நசுங்கியிருக்கும். சமையக்கட்டுன்னா எண்ணெய்ப் பிசுக்கும் ஆவியும் சேர்ந்து அதுவே ஒரு பாதை போட்டுடும்.

எர்த் பண்ணாத எந்த உலோகப் பட்டியிலயும், பழுதே இல்லாட்டாலும், பக்கத்துல ஓடுற பேஸ் வயரால லேசா தூண்டின வோல்டேஜ் இருக்கும், டெஸ்டர் வெச்சா மினுக்குன்னு எரியும், மல்டிமீட்டர் எண்பது நூறுன்னு கூட காட்டும். அது வேற, நிஜமான லீக்கேஜ் வேற. ஆனா தொட்டுப் பார்த்து இது எந்த வகைன்னு சொல்ல முடியாது, டெஸ்டர் வெச்சும் சொல்ல முடியாது. உங்க அம்மா கையை இழுத்த அளவுக்குன்னா லீக்கேஜ்னே எடுத்துக்கணும்.

இப்ப எல்லாரும் தப்பா நம்புற விஷயத்துக்கு வர்றேன். எர்த் போட்டுட்டா பழுது வந்ததும் பீஸ் போயிடும், எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினா தானா இறங்குற சுவிட்ச்) விழுந்துடும்னு நெனைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்க. எர்த்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 3043ல சொல்ற மாதிரி 2.5 மீட்டர் நீள ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப் ஒண்ணைப் புதைச்சா எர்த் எத்தனை ஓம் வரும்ங்கிறது மண்ணைப் பொறுத்தது. ஈரமான களிமண்ணுல 7 ஓம் கிட்ட வரலாம், சாதாரண மண்ணுல 35 ஓம் கிட்ட, பாறையும் சரளையும் கலந்த இடத்துல நூறைத் தாண்டிடும். ஒரே பைப்புல ஒரு ஓம் வந்துடும்னு சொல்றவங்க அளந்து பார்த்தவங்களா இருக்க மாட்டாங்க. உங்களுக்கு 35 ஓம்னு வெச்சுக்குவோம், டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த் 2 ஓம்னு வெச்சுக்குவோம். பட்டிக்கு பேஸ் நேரா ஒட்டினாலும் ஓடப் போற கரண்ட் 230ஐ 37ஆல வகுத்தா வர்ற 6 ஆம்பியர் சொச்சம்தான். 5 ஆம்பியர் பீஸ் கம்பி சட்டுன்னு உருகணும்னா அதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேணும், அதனால அது போகாது, 16 ஆம்பியர் எம்சிபி திரும்பிக்கூட பார்க்காது. பட்டி கிட்டத்தட்ட 217 வோல்ட்ல அப்படியே நிக்கும். எர்த் இருக்கு, எம்சிபி இருக்கு, ஆனா பட்டியில ஷாக்கும் இருக்கு. இப்படி லீக் ஆகிற வீட்ல ஒரு நாளைக்கு முப்பது யூனிட்டுக்கு மேல சும்மா மண்ணுக்குள்ள போகும், ரெண்டு மாச பில்லு திடீர்னு ஏறியிருந்தா இந்தச் சந்தேகமும் வரணும்.

பீஸ் கட்டையில என்ன கம்பி இருக்குன்னும் பாருங்க. பீஸ் கம்பி கிடைக்காம வயர்ல இருந்து உருவின செம்பு இழையைக் கட்டியிருப்பாங்க. ஒரு சதுர மில்லிமீட்டர் வயர்ல இருக்கிற 0.3 மில்லிமீட்டர் இழை ஒண்ணு உருகவே சுமார் 13 ஆம்பியர் வேணும், மூணு இழை முறுக்கிக் கட்டினா அதுக்குள்ள சுவத்துல வயர் வெந்துடும்.

இன்னொரு பழக்கம், பேஸ்ல ஒரு முனை எர்த்ல ஒரு முனை வெச்சு 100 வாட் பல்பை எரிச்சுக் காட்டி "பாருங்க, பளிச்சுன்னு எரியுது, எர்த் சூப்பர்"னு சொல்றது. எரியிற 100 வாட் பல்போட ரெசிஸ்டன்ஸ் சுமார் 529 ஓம். எர்த் 50 ஓம்னு மோசமா இருந்தாக்கூட பல்புக்கு 210 வோல்ட் கிடைச்சுடும், 210க்கும் 230க்கும் வித்தியாசம் யார் கண்ணுக்குத் தெரியும்? எர்த் அறவே இல்லைங்கிறதை மட்டும்தான் அந்த சோதனை காட்டும். அதோட எர்த் விட்டுப்போயிருந்தா அந்த நேரத்துல வீட்டு பிரிட்ஜ் பாடி வரைக்கும் பல்பு வழியா கரண்ட் போய் நிக்கும், யாராவது அதைத் தொட்டுட்டிருந்தா? எர்த் டெஸ்டர் வெச்சு அளக்கச் சொல்லுங்க, அதுக்குன்னு மெஷின் இருக்கு.

அப்ப என்னதான் காப்பாத்தும்னு கேட்டா, பழைய வீட்டுக்கு என்னோட பதில் ஆர்சிசிபி, 30 மில்லிஆம்பியர். பேஸ்ல போன கரண்ட்டும் நியூட்ரல்ல திரும்பின கரண்ட்டும் ஒண்ணா இருக்கான்னு அது ஓயாம பார்த்துட்டே இருக்கும், நடுவுல எங்கயோ 30 மில்லிஆம்பியர் காணாம போச்சுன்னா கட் பண்ணிடும். மனுஷ உடம்பை 1000 ஓம்னு எடுத்துக்கிட்டா 230 வோல்ட்ல 230 மில்லிஆம்பியர் ஓடும், 10 மில்லிஆம்பியர் தாண்டினாலே பிடிச்ச கையை எடுக்க முடியாம போகலாம், 30ஐத் தாண்டி நீடிச்சா இதயத் துடிப்பு குலைஞ்சு போற ஆபத்து ஆரம்பிக்குது, அந்த 30 அங்கேர்ந்து வந்த எண்தான். மேல சொன்ன 6 ஆம்பியர் பழுதுக்கு நல்ல ஆர்சிசிபி 0.04 செகண்டுக்குள்ள கட் பண்ணிடும். எம்சிபிக்குப் பத்தாத அந்த 35 ஓம் எர்த், ஆர்சிசிபிக்கு தாராளம்.

"எர்த் இல்லாத வீட்ல ஆர்சிசிபி வேலை செய்யாது"ன்னு கடையிலயே சொல்லி அனுப்புறாங்க. தப்பு. அது எர்த்தைப் பார்க்கிறதே இல்ல, பேஸையும் நியூட்ரலையும்தான் பார்க்குது. வித்தியாசம் இதுதான்: எர்த் இருந்தா பட்டியில லீக் ஆன அந்த நிமிஷமே விழுந்துடும், ஆளே தொட வேணாம். எர்த் இல்லைன்னா அம்மா தொட்டு, அவங்க உடம்பு வழியா கரண்ட் போக ஆரம்பிச்ச அப்புறம்தான் விழும். உயிர் பிழைக்க வாய்ப்பு மிக அதிகம், ஆனா அந்த ஒரு உதறல்ல ஸ்டூல் மேல நிக்கிற வயசானவங்க கீழ விழுந்தா? அதனால ரெண்டும் வேணும், ஆர்சிசிபி மொதல்ல, எர்த் அடுத்த வேலை. அது எல்லாத்தையும் பார்த்துக்கும்னும் நெனைக்காதீங்க, ஒரு கையில பேஸும் மறு கையில நியூட்ரலும் பிடிச்சா அதுக்கு நீங்களும் ஒரு பல்புதான், விழாது. ஓவர்லோடும் பார்க்காது, லைட்டுக்கு 6 ஆம்பியர் எம்சிபி கூடவே வேணும். வாங்கும்போது ஏ டைப் கேட்டு வாங்குங்க, எல்இடி டிரைவர், இன்வெர்ட்டர் வாஷிங்மெஷின் மாதிரி சாமான்கள்ல வர்ற லீக்கேஜை ஏசி டைப் சில நேரம் சரியா பிடிக்காது.

பழைய வீட்ல ஆர்சிசிபி மாட்டினதும் நிக்காம விழும், இதுக்குத் தயாரா இருங்க. இங்கதான் நிறையப் பேர் "இது சரிப்படாது சார்"னு சொல்லி அதைக் கழட்டி நேரா கட்டிட்டுப் போயிடறாங்க. ஆர்சிசிபி மேல குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அது எதைப் பார்த்து விழுதுன்னு தேடணும். எங்கயாவது நியூட்ரல் எர்த் பிட்டு ஒளிஞ்சு கிடக்கும். மாடிப்படி லைட்டுக்கு கீழ் சர்க்யூட்ல இருந்து பேஸும் மேல் சர்க்யூட்ல இருந்து நியூட்ரலும் எடுத்திருப்பாங்க, ரெண்டுக்கும் தனித்தனி ஆர்சிசிபின்னா அந்த ஒரு லைட்டைப் போட்டதும் ரெண்டும் விழும். இல்லைன்னா ஓட்டுக்கு அடியில மழை ஒழுகி ரீப்பர் நனைஞ்சிருக்கும், எலி கடிச்ச வயர் ஒண்ணு மரத்துல ஒட்டிட்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க 500 வோல்ட் மெக்கர், அதாவது வயர் இன்சுலேஷனை அளக்கிற மெஷின் வேணும். எல்லா பல்பு, டியூப், சார்ஜர், பேன் ரெகுலேட்டர், எல்இடி டிரைவர் எல்லாத்தையும் கழட்டிட்டு பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல அளக்கணும். பழைய விதிப்படி 50ஐ பாயிண்ட் எண்ணிக்கையால வகுத்து வர்ற மெகாஓமுக்குக் குறையக் கூடாது, மொத்த வீட்டுக்கும் ஒரு மெகாஓம் இருந்தா ஏத்துக்கலாம். மெக்கர் கொண்டு வராத ஆளை இந்த வேலைக்கு வெச்சுக்காதீங்கன்னு நான் தயங்காம சொல்வேன். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தோட சான்றிதழ் இருக்கிற வயர்மேனா பாருங்க.

வீட்ல இன்வெர்ட்டர் இருக்கான்னு நீங்க எழுதல. 2008க்கு அப்புறம் வந்த பவர்கட் வருஷங்கள்ல நிறைய வீட்டுக்கு வந்துடுச்சு, அதனால சொல்லி வைக்கிறேன். மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைட் லைன்ல 230 வோல்ட் இருந்துட்டே இருக்கும், மெயின் ஆஃப் பண்ணிட்டேன்னு ஹோல்டர்ல கை வெச்சு அடி வாங்கினவங்க எத்தனையோ பேர். வேலைக்கு முன்னாடி இன்வெர்ட்டரையும் அணைச்சு அதோட அவுட்புட்டையும் பிரிக்கணும். இன்னொண்ணு, பேட்டரியில ஓடும்போது அந்தக் கரண்ட் மெயின்ல இருக்கிற ஆர்சிசிபி வழியா போறதில்ல, ராத்திரி பவர்கட்ல உங்க சமையக்கட்டு லைட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாதுன்னு அர்த்தம். இன்வெர்ட்டர் லைட்டுகளோட பேஸ், நியூட்ரல் ரெண்டையும் மத்த நியூட்ரலோட கலக்காம தனியா பிரிச்சு, இன்வெர்ட்டருக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆர்சிசிபி போட்டா பெரும்பாலும் சரியாகும்.

இப்ப எர்த். பழைய வீடுகள்ல எர்த் வயரை கொல்லையில குழா பைப்புல கிளாம்ப் போட்டுக் கட்டியிருப்பாங்க, அன்னிக்கு அது ஜிஐ பைப், பூமிக்குள்ள பல அடி ஓடும், ஓரளவுக்கு வேலை செஞ்சுது. அப்புறம் பைப் துருப்பிடிச்சு பிளம்பர் வந்து பிவிசி போட்டுட்டுப் போயிருப்பார், அவருக்கு எர்த் பத்தித் தெரிய நியாயமில்ல, வீட்ல யாருக்கும் தெரியாது, அந்த நாளோட வீட்டு எர்த் போச்சு. ஒரு வீட்ல கிணத்தடியில மிச்சமிருந்த ஒரு முழம் ஜிஐ பைப்புல பித்தளைக் குழாயும் எர்த் கிளாம்ப்பும் மட்டும் தொங்கிட்டிருந்துது, அதுக்கு அந்தப் பக்கம் முழுக்க பிளாஸ்டிக். வீட்டுக்குள்ள ஹீட்டர் லீக் ஆனா கிணத்தடிக் குழாயில ஷாக், ஈரக் காலோட பாத்திரம் கழுவுற இடம். உங்க வீட்டு எர்த் வயரைக் கையால தடவாம கண்ணால பின்தொடர்ந்து போய்ப் பாருங்க, எங்க முடியுதுன்னு எனக்கும் எழுதுங்க.

புதுசா போடறதுன்னா சுவத்துல இருந்து 1.5 மீட்டராவது தள்ளி, கொல்லையில தண்ணி விழுற பக்கமா 2.5 மீட்டர் பைப் இறக்குங்க, கும்பகோணம் மண்ணுக்கு நல்ல எர்த் கிடைக்கும். கரியும் உப்பும் போடுறது பழைய முறை, உப்பு போகப் போக பைப்பை அரிக்கும், இப்ப கிடைக்கிற பென்டோனைட் (ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற களிமண்) கலவை பரவாயில்ல. மேல மூடி போட்டு, கிளாம்ப்பைத் திறந்து பார்க்கிற மாதிரி விடுங்க, சிமெண்ட் போட்டு மூடிடாதீங்க. சித்திரை வைகாசியில ஒரு தடவை அளந்துடுங்க, மண் காஞ்ச நேரத்துல வர்ற எண்தான் உண்மையான எண்.

அங்கேர்ந்து லைட் பாயிண்ட் வரைக்கும் எப்படிக் கொண்டு போறது? சுவத்துக்குள்ள பைப் போட்ட வீடா இருந்தா பழைய வயரோட சேர்த்து பச்சை வயர் ஒண்ணை இழுத்துடலாம். ரீப்பர் வயரிங்ல சுவத்தை உடைக்காம, வயர் உள்ள போற பிவிசி கேஸிங் ஓட்டி அதுல மூணு வயரா புதுசா போறதுதான் சுலபம். எல்லா லைட்டுக்கும் கட்டாயமான்னா, தொடக்கூடிய உலோகம் இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் வேணும். எர்த் கொண்டுபோக முடியாத இடத்துல உலோகத்தையே எடுத்துடுங்க. தகரப் பட்டியைக் கழட்டிட்டு முழுக்க பிளாஸ்டிக் பாடி எல்இடி டியூப் மாட்டுங்க, லேபிள்ல கட்டத்துக்குள்ள கட்டம் போட்ட குறி இருக்கணும், ரெட்டை இன்சுலேஷன்னு அர்த்தம், அதுக்கு எர்த் தேவையில்ல. மலிவா வர்ற அலுமினியம் பாடி எல்இடியில டிரைவரைப் பாடியோட சரியா பிரிக்காம விடுறாங்க, அது பழைய சோக்கு அளவுக்கே பயம். பித்தளை ஹோல்டரைப் பேக்கலைட்டா மாத்துங்க. சீலிங் பேனோட பாடியும் உலோகம்தான், ஏணி மேல ஏறி துடைக்கிறவங்க அதைப் பிடிப்பாங்க, பேன் பாயிண்ட்டுக்கு எர்த் எப்படியாவது கொண்டுபோங்க.

மேல சொல்றேன்னு விட்ட சுவிட்ச் விஷயம். பழைய வயரிங்ல சுவிட்ச் பேஸ்ல இல்லாம நியூட்ரல்ல விழுந்திருக்கும், கட்டினவர் ரெண்டும் ஒரே கறுப்பு வயரா இருந்ததால மாத்திக் குடுத்திருப்பார், இல்ல எப்பவோ மெயின்ல பேஸ் நியூட்ரல் மாறியிருக்கும். லைட்டு ஒழுங்கா அணையும் எரியும், யாருக்கும் தெரியாது, ஆனா அணைச்ச அப்புறமும் ஹோல்டர்ல பேஸ் இருக்கும். அணைச்ச எல்இடி பல்பு ராத்திரி மங்கலா மினுங்கினா இது ஒரு காரணமா இருக்கலாம், சுவிட்ச்ல சின்ன இண்டிகேட்டர் லைட் இருந்தாலும் மினுங்கும், அதனால அதை வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க. எலக்ட்ரீஷியன் வரும்போது ஒவ்வொரு சுவிட்சையும் அணைச்சுட்டு பாயிண்ட்ல பார்க்கச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

முழுசா மாத்தணுமான்னு கேட்டீங்க. வயர் என்ன வகைங்கிறதுதான் முடிவு பண்ணும். ரப்பர் இன்சுலேஷனா இருந்தா, அந்த வயசு ரப்பர் கையால வளைச்சாலே பிஸ்கட் மாதிரி உதிரும், அதை மாத்தித்தான் ஆகணும், அதுல பேச்சே இல்ல. அந்தக் காலத்துல செம்பு விலைக்குப் பயந்து அலுமினிய வயர் போட்ட வீடுகளும் ஏராளம், உள்ள வெள்ளைக் கம்பி ஒத்தையா இருக்கும். ரெண்டு தடவை வளைச்சா ஒடியும், செம்போட முறுக்கின ஜாயிண்ட்ல பூத்துப்போய் சூடாகும், சுவிட்ச் ஸ்க்ரூவுல லூஸ் ஆகி பொறி விடும், அதையும் மாத்துங்க. பிவிசி செம்பு வயர், 1/18ஓ (ஒத்தை 18 கேஜ் கம்பி) 3/22ஓ (மூணு 22 கேஜ் கம்பி), மெக்கர்ல நல்லா வந்து, ஹோல்டர் பக்கத்து முனை மட்டும் பல்பு சூட்டுல காஞ்சு விறைச்சிருக்குன்னா முனையை வெட்டிப் புதுசா ஜாயிண்ட் பண்ணி லைட்டு லோடுக்கு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம், எல்இடி வந்த அப்புறம் அதுல ஓடுற கரண்ட்டே கொஞ்சம்தான். ஆனா அந்த லைட் லைன்லயே பிளக் போட்டு இன்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன்பாக்ஸ் ஓட்டுறதை இன்னிக்கே நிறுத்தணும்.

உங்க நிலைமைக்கு நான் போற வரிசை: இந்த வாரமே அந்தத் தகரப் பட்டியைக் கழட்டி பிளாஸ்டிக் பாடி லைட், அதோட ரெட்டைப் பீஸ் மெயின் இருந்தா அதை எடுத்துட்டு பேஸும் நியூட்ரலும் சேர்ந்தே இறங்குற ஐசோலேட்டர் சுவிட்ச், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, லைட்டுக்குத் தனி எம்சிபி. அன்னிக்கே மெக்கர் போட்டு எழுதி வெச்சுடுங்க. அடுத்த மாசம் எர்த் பைப். மழைக்கு முன்னாடி சமையக்கட்டு, குளியலறை, கொல்லை இந்த மூணு ஈர இடத்துக்கு மூணு வயர் புது லைன். கூடம், ரூம் லைட்டெல்லாம் மெக்கர் சொல்றபடி பொறுத்துக்கலாம்.

ஆர்சிசிபியில டெஸ்ட் பட்டன் இருக்கும், மாசம் ஒருதடவை அமுக்கிப் பார்க்க அம்மாவுக்குக் காட்டிக் குடுங்க, விழலைன்னா உடனே மாத்தணும். அந்தப் பட்டன் ஆர்சிசிபியை மட்டும்தான் சோதிக்கும், எர்த் அறுந்து கிடந்தாலும் அது விழும், அதனால அது விழுந்துடுச்சு எர்த் நல்லாருக்குன்னு எடுத்துக்க வேணாம். அதுவா விழுந்தா ஒரு தடவை ஏத்திப் பார்க்கலாம், மறுபடி விழுந்தா ஏத்தாம உங்களைக் கூப்பிடச் சொல்லுங்க, வர்ற ஆளு அதை பைபாஸ் பண்ண மட்டும் விடவே கூடாதுன்னு அம்மாகிட்ட அழுத்திச் சொல்லுங்க. மெயின் பெட்டியைத் திறந்தா உள்ள எத்தனை பீஸ் கட்டை, எர்த் வயர் எங்க முடியுது, வயர்ல உள்ள கம்பி சிவப்பா வெள்ளையா, இந்த மூணையும் மெக்கர் எண்களோட எழுதுங்க, எந்த ரூம் காத்திருக்கலாம் எது கூடாதுன்னு பார்த்துச் சொல்றேன்.